லொடலொடக் கதவும் நிரந்தர வேலையும்

என் அத்தானை எங்கள் அரசு வாகன ஷெட்டில் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற வண்டியில் எந்தக் கதவு லொடலொடக்கிறது, அந்தக் கதவின் எந்த மூலையில் ரப்பர் செத்துப்போயிருக்கிறது என்று பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். வீட்டில் என் அக்கா சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது. அக்காவும் பதினொரு வருடங்களாக ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"தற்காலிகம் தற்காலிகம்னு இன்னும் எத்தன நாளைக்கு? நேரா போய்க் கேளுங்க."

அத்தான் கேட்கமாட்டார். வேலையைப் பார்த்து மேலதிகாரிகளே நிரந்தரமாக்குவார்கள் என்று நம்புகிற அப்பாவி. அதே ஷெட்டில் டயர் மாற்றுகிற எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை எந்த நாளும் இருந்ததில்லை.

வேலை என்னவோ பார்க்கத் தகுந்ததுதான். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்துவார். பிறகு மெதுவாக இழுப்பார். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் கதவைத் தொடவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் அடம்பிடித்து வந்தால் சரி. இப்படி ஒரு கதவைச் சுற்றி முப்பது இடத்திலாவது இழுத்துப் பார்ப்பார். மற்றவர்கள் கொக்கியை இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் பழைய ரப்பரைப் பிய்த்து, காய்ந்த பசையைச் சுரண்டி, சரியான தடிமனில் புதிதாக ஒட்டுவார். தடிமன் கூடினால் கதவு சாத்தாது, குறைந்தால் சத்தம் போகாது. இவ்வளவுக்கும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கடைசிப் பக்கத்தில், துடைப்பம் வாங்கிய கணக்குக்குக் கீழே இருந்தது.

நிரந்தர இடம் ஒன்று காலியானது. அத்தானின் ஃபைல் போக்குவரத்து அதிகாரியின் மேசைக்குப் போய், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. அந்த அதிகாரியின் காரில் பின்கதவு இரண்டும் லொடலொடத்துக்கொண்டிருந்தன. ஒருநாள் அவர் அத்தானைக் கூப்பிட்டார்.

"இந்தச் சத்தத்த நிறுத்துப்பா. உன் ஃபைல நான் பாத்துக்கறேன்."

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் சோற்றையும் மறந்து வேலை செய்தார். மூன்றாம் நாள் கார் கேட்டைத் தாண்டியபோது சரளைக் கல்லில் டயர் உரசும் சத்தம் மட்டும்தான் வந்தது. அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டார். அக்கா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அதிகாரியின் டிரைவர் ஷெட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை.

"அண்ணே, முன்னெல்லாம் அவர் பின்னாடி ஃபோன்ல பேசினா எனக்கு ஒண்ணும் கேக்காது. இப்ப மூச்சு விடறதுகூடக் கேக்குது. அந்த இடத்த அவர் மச்சினனுக்குக் குடுக்கப் போறாராம். நேத்து வீட்டம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டிருந்தாரு."

அத்தான் கையிலிருந்த ரப்பரைத் தொடர்ந்து சுரண்டினார். அந்த மச்சினனுக்குக் கார்க் கதவை வெளியிலிருந்து திறக்கத் தெரிந்தால் பெரிய விஷயம். அன்று வீட்டில் அக்கா அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு டிரைவரின் சிரிப்புதான் காரணம். அதிகாரி ஃபோனில் மேலதிகாரி மாதிரியே பேசிக் காட்டிக் கிண்டல் செய்திருக்கிறார். முன்சீட்டில் இவனுக்கு அடக்க முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டான். அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாள் யார் யாரைப் பற்றி என்னென்ன பேசினோம் என்று. மறுநாள் காலையிலேயே அத்தானைக் கூப்பிட்டுவிட்டார். போகும் முன் அக்கா வாசலில் நிறுத்திப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

"கார் ரொம்ப அமைதியா இருக்குப்பா. எனக்கு ஒத்துக்கல, தல சுத்துது. பழையபடியே பண்ணிடு," என்றார் அதிகாரி.

"சரிங்க ஐயா. அந்த ஃபைல்…"

அதிகாரி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும்," என்றார்.

சத்தத்தைக் கொண்டுவருவது சத்தத்தை நிறுத்துவதைவிடக் கஷ்டம் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய ரப்பரைக் குப்பையிலிருந்து தேடி ஒட்டினார், கதவு விசிலடித்தது. ஒரு பக்கம் மட்டும் வெட்டினார், மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. அதிகாரியின் காதை உறுத்தாமல் டிரைவரின் காதை மட்டும் அடைக்கிற சத்தம் வேண்டும். மூன்று நாள் நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்ட, அவர் பின்சீட்டிலிருந்து மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தார். காகிதத்தை முப்பது இடத்திலும் இழுத்தார். இப்போது அது வழுக்கிக்கொண்டு வர வேண்டும். நாலாம் நாள் அவர் பதினேழு வரை எண்ணியும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உத்தரவு வந்தது. 'வாகன ஒலித் தடுப்புப் பணியாளர்' என்று பதவிக்குப் பெயர் போட்டிருந்தார்கள். அக்கா அதை நாலு முறை வாசித்துப் பீரோவில் பூட்டி வைத்தாள்.

மறுநாள் காலை ஷெட் வாசலில் நான்கு கார்கள் நின்றன. நான்கும் பெரிய அதிகாரிகளின் கார்கள். எல்லாருக்கும் தலை சுற்றுகிறதாம்.

அத்தான் அந்த வரிசையைப் பார்த்தார்.

"எனக்கு வெக்கமா இருக்கு மாப்ள," என்றார்.

பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய் முதல் காரின் பின்கதவைத் திறந்தார். மூன்று மாதத்துக்கு முன் அவரே ஒட்டிய ரப்பர், ஒட்டியபடியே இருந்தது.