அம்மாவுக்கு நான் நிறுத்திய மாத்திரை

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அம்மாவின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவளும் நான்தான். அந்தப் பெருமையில் செய்த காரியம் இது.

அம்மாவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்து, கை நடுங்கி, உடம்பு இளைத்துப்போனது. மதுரையில் அதை அடக்கச் சிகிச்சை கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து, தேனி டாக்டர் தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். அட்டையிலிருந்த பெயரை போனில் தேடினேன். மாத்திரையில் இருப்பதும் அதே தைராய்டு சுரப்புதான் என்றிருந்தது.

"கூடிப்போச்சுன்னு வைத்தியம் பாத்துட்டு, மறுபடி அதையே குடுக்குறாக. வேணாம்மா" என்றேன்.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்று அம்மா நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதத்தில், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்பில் அம்மா தூங்கித் தூங்கி விழுந்தார். முகம் வீங்கியது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். "வேலைக்கு மட்டம் போடத்தான நடிக்குற?" என்று சிரித்தேன்.

ஒருநாள் ஜீப்பிலிருந்து இறங்கும்போது கால் நிற்காமல் விழுந்தார். அதன் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "சிகிச்சையில அந்தச் சுரப்பி அடங்கிருச்சு. அது செய்யுற வேலைய இனி இந்த மாத்திரைதான் செய்யணும். யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "நாந்தேன் மறந்துட்டேன். பாப்பா தெனமும் சொல்லத்தேன் செஞ்சுச்சு" என்றார். நான் மறுக்கவில்லை.

இப்போது அம்மா தேறிவிட்டார். விடிந்ததும் டீக்கு முன்னால், வெறும் வயிற்றில் போட மாத்திரையை நீட்டுகிறேன். என்ன மாத்திரை என்று கேட்காமலே விழுங்குகிறார். ஒருநாளாவது கேட்கமாட்டாரா என்றிருக்கிறது.