வார்த்தை வரும்வரை

ஆபத்து என்று யார் போன் செய்தாலும் அதை எடுப்பது அவள்தான். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், எதிர்முனையில் குடும்பமே அலறினாலும் அவள் குரல் ஒரு இழைகூட உயராது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஐஸ்கட்டி.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பதறிப்போய் இருப்பவரின் வாயில் நாமாக வார்த்தையைப் போடக்கூடாது. "நெஞ்சு வலியா?" என்று கேட்டால் "ஆமா, ஆமா" என்பார்கள், கால் உடைந்திருந்தாலும் ஆமாதான். அதனால் "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

வீட்டுக்குள் வந்தால் ஐஸ்கட்டி கொதிக்க ஆரம்பித்துவிடும். பாதிக் கேள்விக்கு முழுப் பதில், வராத சண்டைக்கு முன்கூட்டியே பதிலடி. கணவர் அவளை எக்ஸ்பிரஸ் என்பார். "எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது. நாமதான் ஓடிப்போய்த் தொத்திக்கணும்." அவர் பஸ் கண்டக்டர், வாய் ஓயாத மனுஷர். அவளுக்கு ஈடுகொடுக்க அவரால்தான் முடிந்தது.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையோடு பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போனது. புத்தியில் குறையில்லை. வார்த்தைதான் அகப்படவில்லை. ஒவ்வொன்றையும் இருட்டில் தீப்பெட்டி தேடுவதுபோலத் துழாவி எடுக்க வேண்டியிருந்தது.

மாலையில் அவள் வேலை முடிந்து நுழைந்ததும் அவர் "நீ..." என்று ஆரம்பித்துக் கதவைக் காட்டுவார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தொடங்கிவிடுவாள்.

"கதவைச் சாத்தணுமா? காத்து வேணுமா? வெளிய போகணுமா?"

கடைசியில் அவர் தலையாட்டுவார்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

கையைப் பிடித்து மாடிப்படியில் இறக்கி, தெருமுனைவரை நடத்திக் கூட்டி வருவாள். தினமும் இதே கதைதான். புருஷனை எப்படித் தாங்குகிறாள் பார் என்று அக்கம்பக்கம் மெச்சியது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒருநாள் படியில் கால் மடங்கி விழுந்தார். நல்லவேளை, நெற்றியில் தையலோடு போயிற்று. தையல் போட்ட நர்ஸ், இந்த நிலைமையில் எதற்குப் படியிறங்கினார் என்று கேட்டாள்.

"அவருக்குத்தான் வெளிய போகணும்னு ஆசை. தினமும் கேப்பார்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக, இல்லை என்று தலையசைத்தார்.

அவளுக்குப் பகீரென்றது. எத்தனை மாலைகள், எத்தனை ஆமாக்கள்! எல்லாமே அவள் அவர் வாயில் போட்டவை. முகம் தெரியாதவர்களுக்குக் காட்டிய பொறுமையை இந்த மனுஷருக்குக் காட்டவில்லையே என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டாள். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன, சொல்லுங்க."

வாயை மூடிக்கொண்டாள். "நீ..." என்று கதவைக் காட்டினார். நின்றுவிட்டார். அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடுப்பில் குக்கர் விசிலடித்தது; எழுந்து போகவில்லை.

"பயம்" என்றார்.

'எதுக்குப் பயம், நான் இருக்கேன்ல!' தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"எப்ப பயமா இருக்கு?"

அவர் தேட ஆரம்பித்தார். இதற்குப் பதில் அவளுக்கே தெரியும். பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறாரே, வேறென்ன? வேலையை விட்டுவிடுவது என்றுகூட அதற்குள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். அதுவும் எக்ஸ்பிரஸ்தான்.

"நீ... வந்ததும்" என்றார்.

 எடுத்துச் சொல்ல அவளுக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. இவ்வளவு செய்தேனே என்று கதறலாம்போல இருந்தது. ஆனால் அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது; சொல்லி முடிக்கவில்லை. வழிகிற கண்ணைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் அவள் காத்திருந்தாள்.