பதினோரு நாள் பாகற்காய்ச் சாறு

இன்று காலை மிக்ஸியில் பாகற்காய் அரைபடும் பச்சை நெடி வீடெங்கும் பரவியது. உடம்பு இளைக்க வேண்டுமென்று மகள் ஒரு வாரமாகச் சோற்றைத் தொடவில்லை. மூன்று வேளையும் சாறு மட்டும்தான்.

இதே நெடியை முதலில் முகர்ந்தபோது எனக்குப் பத்து வயது. திருவனந்தபுரத்தில், கரமனையில் இருந்தோம். சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், ஆபீஸில் யாரோ சொன்னதைக் கேட்டு அப்பாவும் இப்படித்தான் பாகற்காய்ச் சாறே குடித்தார். பதினோராம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பியவர் வாசற்படியில் சரிந்தார். நான் செருப்பில்லாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் வந்து பார்த்து, "மாத்திரை தரேன். ஆனா பட்டினி கிடக்கப்படாது" என்றார்.

அம்மா கோதுமை நொய்யும் சிறுபயறும் முருங்கைக்கீரையும் போட்டுக் கஞ்சி வைத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சக்கரை ஏறிடும்."

"ஏறினா பாத்துக்கலாம். நேக்கு நீங்க வேணும். குடியுங்கோ."

அவள் கரண்டியை அவர் வாயருகே நீட்டினாள்; கஞ்சி அவர் வேட்டியில் சிந்தியும் கையை எடுக்கவில்லை. அப்பா அந்தக் கையையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அதற்குப் பின் இருபத்தாறு வருடம் எங்களோடு இருந்தார்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் மிக்ஸியை நிறுத்தினாள்.

"அம்மா, அன்னிக்கு நீ பேடிச்சு போனியா?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவள் மிக்ஸியிலிருந்த சாற்றை ஸிங்க்கில் கொட்டினாள்.

"சரி, ரெண்டு தோசை வார்த்துத் தா" என்றாள்.