நீலக் கட்டம் போட்ட சட்டை

தலைநகரத்து மயூர் விஹாரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள் வீராயி. மகள் அம்பிகா நாலாவது படிப்பது பெரிய பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் அவளுக்குப் பள்ளி தொடங்குவது மத்தியானம் இரண்டு மணிக்கு. காலையில் வரும் பிள்ளைகளுக்கு முன் கேட், நீலக் கட்டம் போட்ட சட்டை. அரசாங்கம் சொன்னதால் இலவசமாகச் சேர்த்த பிள்ளைகளுக்குப் பின் கேட், சாம்பல் சட்டை. அவர்கள் வரும்போது கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு. எல்லாரையும் ஒன்றாக உட்கார வையுங்கள் என்று வழக்குப் போட்ட தாய்மார்களில் வீராயியும் ஒருத்தி. இரண்டு வருஷமாகிறது. ஒவ்வொரு தேதிக்கும் லீவு கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பிப் பள்ளியைப் பார்த்துவரச் சொன்னது. "பிள்ளைங்கள எப்பவும் போல அனுப்புங்க, போதும்" என்றார் தாய்மார்களின் வக்கீல் விசாலாக்ஷி.

எப்பவும் போல என்றால்? கோர்ட்டிலிருந்து ஆள் வரும்போது காலர் கிழிந்த சட்டையிலா பிள்ளை நிற்பது? பாத்திரம் தேய்க்கும் வீட்டு உஷாராணி, தன் பெண்ணுக்குச் சின்னதாகிப் போன நீலக் கட்டச் சட்டையை எப்போதோ கொடுத்திருந்தாள். அதை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள் வீராயி. மற்ற தாய்மார்களும் வேலை செய்யும் வீடுகளில் கிடைத்ததைத்தான் மாட்டியிருந்தார்கள்.

அறிக்கை வந்தது. 'சீருடையில் வேறுபாடு காணப்படவில்லை.'

கோர்ட் வராந்தாவில் விசாலாக்ஷி தலையில் கைவைத்துக்கொண்டார். "யாரு இந்த வேலையைப் பண்ணினது?"

"நாங்கதான் மேடம். பெரிய மனுசங்க வராங்கன்னு..."

"உங்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?" சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "யார் வீட்டுச் சட்டைன்னு பேரோட எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா கேஸ் போச்சு."

வீராயி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் சமையலறையில், கையில் சோப்பு நுரையோடு அதை உஷாராணியிடம் சொன்னாள்.

"என் பேரா? எம்பொண்ணு அங்கதானே படிக்கிறா! ஸ்கூல்ல நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கறது?"

"பேரு இல்லேன்னா நம்ப மாட்டாங்களாம்க்கா."

"அச்சா, சரி." ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள் உஷாராணி. "நாளையிலேர்ந்து வராதே. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

வீராயி மிச்சமிருந்த குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அடுத்த தேதி ஏப்ரலில். வேலை போன அன்றைக்கும் இரண்டு மணிக்குப் பின் கேட்தான். சாம்பல் சட்டையில் அம்பிகா கேட்டாள்: "ஜெயிச்சா நானும் காலையிலயே வரணுமாம்மா?"

"ஆமா."

"டிசம்பர் குளிர்லயும்?"

"குளிர்லயும்தான்."

அம்பிகா யோசித்தாள். "ஜெயிக்க இன்னும் நாளாகுமா?"

"ஆகும். போ, பெல் அடிச்சிட்டான்."