கர்த்தருக்குக் கொடுத்த முதல் கருவி

என் வீட்டுக்காரர் ஜோஸ்வாவுக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் கழித்துப்போட்ட இரும்பைப் பார்த்தால் போதும், அதை வைத்து என்ன செய்யலாம் என்று சோற்றில் கைவைத்தபடியே யோசிப்பார். அப்படித்தான் 1987இல், மாடு பூட்டி இழுக்கிற விதைப்புக் கருவி ஒன்றைச் செய்தார். மண்ணைக் கீற மூன்று கொழு, விதை இறங்க மூன்று குழாய், மேலே ஒரு விதைப்பெட்டி. ஒரே இழுப்பில் மூன்று வரிசைக்குச் சோளம் விழும்.

ஆவணியில் எங்கள் காய்ந்த புஞ்சைக் காட்டில் ஓட்டிப் பார்த்தோம். அழகாகத்தான் விதைத்தது. "மழை பேஞ்ச ஈரத்துல ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு வெளிய விடுங்க" என்றேன். கேட்டால்தானே! அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. எங்கள் சனங்களுக்கு எது முதலில் வந்தாலும், முதல் வெண்டைக்காயோ முதல் கோழிக்குஞ்சோ, அது கர்த்தருக்கு. கோயிலில் வைத்து ஏலம் விடுவார்கள். இவரும் கருவியைத் துடைத்துப் பெயின்ட் அடித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டார். வெண்டைக்காயில் முதல் காய் நல்ல காய். இரும்புச் சாமானில் முதலில் செய்ததில்தான் அத்தனை கோளாறும் இருக்கும். அந்த மனுசனுக்கு இது தெரியாதா? பக்தி கண்ணை மறைத்துவிட்டது.

ஏலத்தில் எடுத்தது ஈவா அக்கா. புருசன் இல்லாதவர். நாலு ஏக்கர் மானாவாரிக் காடுதான் அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு. வருசத்துக்கு ஒரு விதைப்பு. அது தப்பினால் அடுத்த வருசம்தான்.

புரட்டாசியில் மழை கொட்டியது. இரண்டு நாள் கழித்து, காட்டில் கால் வைக்கிற பதம் வந்ததும், அதே மாதிரி இரண்டாவதாகச் செய்து வைத்திருந்த கருவியை எங்கள் துண்டு நிலத்தில் ஓட்டினார். பெட்டி காலியானது, வரிசையும் நேராக இருந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மண்ணை விரலால் தோண்டினேன். விதையைக் காணோம். இன்னும் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. காய்ந்த மண்ணில் மேலாக ஓடிய அந்தக் கனத்த இரும்பு, ஈரக் கரிசலில் அப்படியே இறங்கிவிட்டது. அவ்வளவு ஆழத்திலிருந்து சோளம் எங்கே முளைக்க! முளைக்கவில்லை என்று தெரிவதற்குள் ஈரமும் போய்விடும்.

"ஐயோ, ஈவா அக்கா!" என்றார். முகம் செத்துப்போயிற்று. சைக்கிளை எடுத்தார், நான் கேரியரில் ஏறிக்கொண்டேன். சேற்றில் சக்கரம் ஓடவில்லை. பாதி தூரம் ஓட்டமும் நடையும்தான். வழியெல்லாம் "ஆண்டவரே, அக்கா இன்னும் வெதச்சிருக்கக் கூடாது" என்று முனகிக்கொண்டே வந்தார்.

போய்ப் பார்த்தால் காட்டில் பாதிக்கு மேல் விதைத்து முடிந்திருந்தது. ஈவா அக்கா வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இவர் சைக்கிளைப் போட்டுவிட்டு மண்ணைத் தோண்டக் குனிந்தார். நான்தான் கேட்டேன்: "அக்கா, அந்தக் கருவியிலயா வெதச்சீக?"

"அதுலயா? அது மாட்டுக் கொட்டத்துல கெடக்கு, கோழி அடையுது. நான் கையாலதான் வெதச்சேன்."

"பெறகு எதுக்குக்கா ஏலத்துல எடுத்தீக?" என்றார் இவர்.

"கோயிலுக்குன்னு காசு குடுத்தேன் தம்பி. உன் கருவிய நம்பியா குடுத்தேன்? இந்தக் காடு எம்புள்ளைக கஞ்சியாச்சே!"

வேறு சமயமாக இருந்தால் மனுசன் ரோசப்பட்டு ஒரு வாரம் யாரோடும் பேசியிருக்க மாட்டார். அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். அப்பாடா என்று எனக்கும் உயிர் வந்தது. 'நான் சொன்னேனா இல்லையா' என்று கேட்பதற்காக வழிநெடுக வைத்திருந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

அக்காவின் கருவியை அன்றே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். கொழு ஆழமாக இறங்காமல் தாங்கிப் பிடிக்க இருபக்கமும் சக்கரம் வைத்தார். அடுத்த இரண்டு வருசமும் காய்ந்த மண்ணிலும் ஈரத்திலும் எங்கள் நிலத்தில் மட்டும் ஓட்டினார்; பயிர் சீராக முளைத்தது. ஆனாலும் கேட்டு வந்தவர்களை எல்லாம் "இன்னும் ஆகல" என்று திருப்பி அனுப்பினார்.

தொண்ணூறாம் வருசம், புரட்டாசி மழை விட்ட மூன்றாம் நாள், பட்டறை வாசலில் ஈவா அக்கா மாடுகளோடு வந்து நின்றார்.

"தம்பி, இப்பக் குடு. வெதைக்கணும்" என்றார்.