குண்டா இல்லாத படம்

என் ஸ்டூடியோ மூலையில் ஓர் அலுமினியக் குண்டா இருக்கிறது. மழை வந்தால் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் அதில்தான் விழும். கட்டட ஓனர் வருகிற சத்தம் கேட்டால் அதைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவேன். குறை சொல்கிறேன் என்று மனுஷன் கோபித்துக்கொண்டால்? தள்ளும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கும்.

அக்கா மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்; அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் அத்தனையும் ஒழுகின. புதுக்கூரை கேட்டுக் கேட்டு அலுத்த பன்னிரண்டு பெண்கள், அக்காவும் அதில் ஒருவர், தாங்களே சேர்ந்து ஒரு படம் எடுத்து மேனேஜருக்குப் போட்டுக் காட்டுவதென்று முடிவு செய்தார்கள். ஐப்பசி மழைக்குள் கூரை மாற வேண்டும். கேமராவுக்கு, ஏற்காட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற என்னைப் பிடித்தார்கள். போராட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது எனக்கு. அவர்கள் வைத்த சட்டம் ஒன்றுதான்: யார் வீடு படத்தில் வருகிறதோ, அவர் தலையாட்டினால்தான் அந்தக் காட்சியைப் படத்தில் வைக்கலாம்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்கு கேமரா வருகிறதென்றால் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குக் கோலம், பெட்டிக்குள் கிடந்த பட்டுப் புடவை. அக்கா தன் மூன்று குண்டாக்களையும் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டார். "ஊடு ஒழுகறத ஊரே பாக்கோணுமா? புள்ளைக்கு மாப்ள பாக்கறோம் சாமி" என்றார். ஒழுகுகிறது என்று வாயால் சொல்வார், கண்ணால் பார்க்க விடமாட்டார். நானும் பழக்க தோஷத்தில் எல்லோரையும் சிரிக்கச் சொல்லி, மல்லிகைப்பூவுக்கு ஒரு குளோசப் வைத்தேன். பன்னிரண்டு பேரும் போட்டுப் பார்த்து, "நொம்ப ஜோரு" என்று கைதட்டினார்கள்.

பால்வாடி அறையில் படம் ஓடியது. மேனேஜர் ரசித்துப் பார்த்தார். "வீடெல்லாம் அம்சமா இருக்குதே! இதுக்கா புதுக்கூரை கேக்கறீங்க?" என்று எழுந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வெளியே மழை பிடித்திருந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சட்டென்று, "ஏனுங்க சார், அது வேஷமுங்க. ஊட்டுக்கு வந்து ஒரு வா காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார்.

கூட்டிப்போய், அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஓரிடத்தில் நாற்காலி போட்டார். முதல் சொட்டு மேனேஜர் வழுக்கையில், அடுத்தது காப்பியில். "இருங்க சார், இன்னும் வரும்" என்றபடி கட்டிலுக்கு அடியிலிருந்து குண்டாக்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்தார். "என்ன கண்ணு பாத்துட்டு நிக்கற? எடு. குண்டாவோட எடு" என்று என்னிடம் சொல்லித் தலையாட்டினார்.

அந்த வருஷமே புதுக்கூரை வந்தது. "இனி எனக்கு எதுக்கு?" என்று ஒரு குண்டாவை என் தலையில் கட்டிவிட்டார் அக்கா.

நாளைக் காலை ஓனர் வருகிறார், மகளின் கல்யாண ஆல்பம் வாங்க. மழை விடுகிற மாதிரி இல்லை. குண்டாவை எடுத்து ஊரறிய மேஜைமேல் வைத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் ஒரு நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.