கடைசிக் கூறு

ஆறு வருஷமாக வெள்ளைச்சாமிக்கு ஆபிதாம்மாள் மேல் ஒரு கோபம். எல்லாம் ரெண்டு கிலோ கத்தரிக்காய்க்காக. கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை.

புத்தூரில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்து காய்கறிக் கூட்டுறவு ஒன்று வைத்திருக்கின்றன. வெள்ளைச்சாமி குடும்பமும் அதில் ஒன்று. வையம்பட்டிப் பக்கம் அமிர்தமும் இன்னும் ஏழெட்டு விவசாயிகளும் பறித்துக் கொடுப்பதைச் சனிக்கிழமை காலையில் தன் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவது அவர் வேலை. நடுவில் தரகர் கிடையாது. அதனால் கடை விலையில் பாதிக்குப் பச்சுனு காய் கிடைக்கும். ஆபிதாம்மாள் வீட்டுக் கார் ஷெட்டில் தார்ப்பாய் விரித்து, வந்ததை நாற்பது கூறாகப் போடுவார்கள்.

ஆரம்பித்த புதுசில் அவர் மனைவி தமிழ்மணி, "தூக்கிச் சுமக்கறது நாம, சொத்தக் கத்திரிக்காயும் நமக்கா?" என்று ஒரு குத்துக் குத்தினாள். மறுவாரம் வெள்ளைச்சாமி இளசாக ரெண்டு கிலோ பொறுக்கி, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளித்தார். அமிர்தம் எழுதி அனுப்பிய கணக்குக்கு ரெண்டு கிலோ குறைந்தது. எடை போட்ட ஆபிதாம்மாள் தராசைப் பார்த்தார், வெள்ளைச்சாமி முகத்தைப் பார்த்தார், நேராக வண்டிக்குப் போனார். பையை எடுத்து வந்து தார்ப்பாயில் கவிழ்த்தார்.

"வாடிடக் கூடாதுன்னு தம்பி நெழல்ல வச்சிருக்காரு" என்றார்.

ஷெட்டே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான் அவரிடம் வெள்ளைச்சாமியின் பேச்சு.

ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் இஷ்டப்பட்ட கூறை எடுக்கலாம். கூறு போட்டவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான். வாராவாரம் கூறு போட்டது ஆபிதாம்மாள். ஆறு வருஷமும் அந்த அம்மா கொண்டுபோனது ஒடிந்த முருங்கைக்காயும் ஓட்டைக் கத்தரிக்காயும்தான். அவர் போட்ட கூறு என்றால் யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதை அள்ளிக்கொண்டு போவார்கள்.

இந்த வருஷம் அவருக்கு முட்டிவலி முற்றிவிட்டது. மகன் அயான் மஸ்கட்டுக்கு வரச்சொல்லி டிக்கெட்டே போட்டுவிட்டான். கடைசிச் சனிக்கிழமை ஷெட்டில் ஒரே கூச்சல். இனி யார் கூறு போடுவது?

"ஆளு சரியில்லைன்னா நான் சூப்பர் மார்க்கெட்டுக்கே போயிக்கிறேங்க" என்றார் ஜெயக்குமார். பத்துப் பேர் அவர் பின்னால் தலையாட்டினார்கள். பத்துக் குடும்பம் கழன்றால் வண்டிக்கு டீசல் காசுகூடத் தேறாது. அமிர்தத்தின் காய் பழையபடி கமிஷன் மண்டிக்குப் போகும். வெள்ளைச்சாமி வண்டியை விட்டு இறங்கவில்லை. தன் பேரை எவன் சொல்லப் போகிறான்?

"தம்பி, எறங்கி வாங்க. இன்னிக்கு நீங்க போடுங்க" என்றார் ஆபிதாம்மாள்.

"நானா? சீட்டுக்கு அடியில ஒளிச்சவன்தானேம்மா நான்!" ஆறு வருஷத்துக் கோபமும் அந்த ஒரு பேச்சில் வந்துவிட்டது.

"அதனாலதான் கூப்பிடுறேன். நல்ல காய் எதுன்னு உங்க கைக்குத் தெரியும். அத நாப்பது எடத்துல வைங்க."

வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அன்று ரெண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு தக்காளியையும் இங்கே வைத்து, எடுத்து, அங்கே வைத்தார். ஜெயக்குமார் பத்துக் கூறைக் குனிந்து புரட்டிவிட்டு, திரும்பி வந்து முதல் கூறையே எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் புரட்டவில்லை.

ரெண்டு கூறு மிஞ்சியது. ஆபிதாம்மாள் தார்ப்பாய் ஓரத்தில் திகைத்து நின்றார்.

"எனக்குப் பொறுக்கி எடுக்கவே மறந்துபோச்சே தம்பி."

வெள்ளைச்சாமி அவர் கூடையை வாங்கி, இளங்கத்தரிக்காய் இருந்த கூறை அள்ளிப் போட்டார். ஓட்டைக் கத்தரிக்காய் தன் பைக்குப் போனது. இதற்குத் தமிழ்மணி என்ன சொல்வாளோ என்று அப்போதே காது கூசியது.

கூடையோடு வாசற்படி ஏறிய ஆபிதாம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. வாராவாரம் கூறு போடுறதுக்கு முன்னாடி, அந்த சீட்டுக்கு அடியில ஒருதரம் கைய விட்டுப் பாத்துருங்க."